தொலைநகல் தந்த சொற்களும் இன்றைய காசோலையும்

அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் உள்ள தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கொடுத்து வந்த வணிகர்கள், 1990-களில் ஆர்டரைப் பேக்ஸில்தான் பெற்று வந்தார்கள். அந்தத் தாள்களை இன்று எடுத்துப் பார்த்தால் பல வெற்றுத் தாளாக இருக்கும். ஒரு முறை பாக்கி கேட்கப் போன இடத்தில் நாங்கள் ஆர்டர் தாளை நீட்டினோம். அதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கேட்ட தொகையில் பாதிதான் கிடைத்தது. கருவியின் சொற்களை அறியாததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. தொலைநகல் பெரும்பாலும் மறைந்துவிட்டாலும் அச்சொற்கள் இன்றும் நமக்குப் பயன்படும்.

வெப்பத்தாள்: இதில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய வேதிப்பொருள், சூடு பட்ட இடத்தில் கறுக்கும். வெயில், வெப்பம், பிளாஸ்டிக் உறை ஆகியவை பட்டால் எழுத்து மங்கும். இன்று கார்டு மெஷினிலிருந்து வரும் சீட்டும் பெரும்பாலும் இதே தாள்தான். கணக்குக்கு வேண்டியதை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.

வருடல்: கருவி தாளை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று குறித்துக்கொள்ளும். இக்கருத்துக்கு அலெக்சாண்டர் பெயின் 1843-லேயே பிரிட்டனில் காப்புரிமை பெற்றார்.

பிரிதிறன்: எவ்வளவு நெருக்கமாகப் புள்ளி எடுக்கப்படுகிறது என்பதன் அளவு. 1980-ல் வந்த ‘குரூப் 3’ தரத்தின்படி ஏ4 தாளின் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள். மேலிருந்து கீழாக, சாதாரண முறையில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள், ‘பைன்’ முறையில் 7.7 வரிகள். பொடி எழுத்தில் 3-ஐ 8 என்று படிக்க நேர்ந்தது சாதாரண முறையில்தான்.

சுருக்கம்: சாதாரண முறையிலேயே ஒரு பக்கத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 9600 வீதம் அப்படியே அனுப்பினால் மூன்று நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே, ‘இத்தனை வெள்ளை, அடுத்து இத்தனை கறுப்பு’ என்று குறியீட்டால் எண்ணிச் சொல்வார்கள். இதனால் நேரமும் டெலிபோன் கட்டணமும் குறைந்தன.

இசைவு காணல்: அழைக்கும் கருவி 1100 ஹெர்ட்ஸ் ஒலியும், ஏற்கும் கருவி 2100 ஹெர்ட்ஸ் ஒலியும் எழுப்பி, பிறகு வேகத்தை முடிவு செய்யும். லைன் சரியில்லையென்றால் 9600-லிருந்து 7200, 4800, 2400 என்று இறங்கும். கடைசியில் வரும் ‘ஓகே’ அறிக்கைக்கு, எதிர்க் கருவி பெற்றுக்கொண்டது என்பதே பொருள். முதலாளி படித்துவிட்டார் என்று பொருளல்ல!

இனிக் காசோலைக்கு வருவோம். காசோலைத் தாளையே வங்கிக்கு வங்கி கொண்டுபோகாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறையை ரிசர்வ் வங்கி 2008-ல் டெல்லியிலும், 2011-ல் சென்னையிலும் தொடங்கியது. ஒவ்வொரு காசோலைக்கும் மூன்று படங்கள். முன்பக்கம் சாம்பல் நிறச் சாயல்களில் ஒன்று. முன்பக்கமும் பின்பக்கமும் தனிக் கறுப்பு வெள்ளையில் இரண்டு. கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுருக்குவது, தொலைநகலுக்காகவே உருவான ‘குரூப் 4’ முறை. பேக்ஸ் போனாலும் அதன் கணக்கு வங்கியில் நடக்கிறது.

நமக்குப் பாடம் இதுதான். பணம் கொடுக்கும் வங்கி பார்ப்பது தாளை அல்ல, படத்தை. தொகையின் மேலோ கையெழுத்தின் மேலோ ரப்பர் ஸ்டாம்பு விழுந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே கறையாகும். வெளிறிய மை படத்தில் விழாமலே போகலாம். பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்திய காசோலையை வாங்கவே கூடாது. தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு திருத்தத்துக்கு இம்முறையில் இடமில்லை. வேறு காசோலை கேட்பதில் வெட்கமில்லை.

திரும்பி வந்த காசோலையால் வங்கிக் கட்டணமும் நஷ்டம், சரக்குக்கான பணமும் தாமதம். ஆகவே காசோலையைக் கையில் வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில், படத்தில் இது எப்படித் தெரியும் என்று பார்த்து வாங்குவோமாக.