ஒரே கல், ஐந்து வெளிச்சம்! தெரியுமா?

கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு வெயில் ஏறியபிறகு போய்ப் பாருங்கள். மேலே விமானத்தின் உச்சி பளீரென்று எரியும். கீழே, பாறையைக் குடைந்த பள்ளத்தில், இன்னும் விடியாத மாதிரி இருட்டு. உங்கள் கண் இந்த இரண்டையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளும். கேமரா? வாங்கவே வாங்காது! உச்சியைக் காட்டச் சொன்னால் பள்ளம் கரியாகிவிடும். பள்ளத்தைக் காட்டச் சொன்னால் உச்சி சுண்ணாம்பாகிவிடும். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க வந்ததுதான் எச்.டி.ஆர். ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுவாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்றோ ஐந்தோ முறை எடுத்து, எதில் எது தெளிவோ அதை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது.

அந்தக் கோயிலைக் கட்டவே இல்லை, தெரியுமா? ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கினார்கள், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள். பாதியில் வேலை நின்றுபோனது. அதனால் என்ன வேடிக்கை என்றால், நகைவேலை மாதிரி முடித்த பகுதி வெயிலில் இருக்கிறது, முடிக்காமல் விட்ட பகுதி நிழலில் இருக்கிறது! மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி மேலே. சும்மா கொத்திவிட்டுப் போன பாறை கீழே. ஒரே கிளிக்கில் எடுத்தவர் பாதிக் கதையோடுதான் ஊர் திரும்புவார்.

நல்ல கேமரா பிடிக்கிற வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய 14 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் முந்தியதன் இரு மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 16,384 மடங்கு வருகிறது! ஆனால் நாம் அனுப்பிக்கொள்ளும் சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு இருப்பது 256 படிகள்தான். மிச்சமெல்லாம் போச்சு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ‘ரா’ ஃபைலாக எடுக்கிறார்கள்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்து வித்தை என்றா நினைத்தீர்கள்? 1850-களிலேயே நடந்திருக்கிறது! குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரருக்கு வந்த தொல்லையும் இதேதான்: கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். மனிதர் அசரவில்லை. கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் ஒட்டி ஒரே பிரிண்ட்! அதே காலத்தில் நம்மூரிலும் ஒருவர் இருந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் பிடித்தவர். வெளுத்துப்போன வானத்தில் மேகம் வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே சாயம் பூசி மேகம் வரைந்துவிட்டார். இன்று ஒரே தட்டலில் வானத்தை மாற்றும் ஆப்களைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

இன்னொன்று கேளுங்கள். இந்த நுட்பத்தைக் கணக்காக எழுதிக்காட்டிய 1997-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. எழுதியவர்கள் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக். அதில் அவர்கள் சோதித்துப் பார்த்த இடம் ஒரு தேவாலயத்தின் உட்புறம்! அமெரிக்காவின் ஸ்டான்போர்டு நினைவு ஆலயம். மொத்தம் 16 படங்கள், 30 விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு விநாடி வரை. சன்னலின் வண்ணக் கண்ணாடியும் மூலையின் இருளும் ஒரே படத்தில் உட்கார்ந்துவிட்டன.

அப்படியானால் நம் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்துக்கு மட்டும் என்ன குறை? 1713-இல் எழுந்த ஆலயம், முத்துக்குளித்துறை மக்களின் தாய்வீடு. உள்ளே எடுக்க முன்கூட்டி அனுமதி கேளுங்கள். பூசை நேரத்தில் வேண்டவே வேண்டாம். மணப்பாட்டுக்குப் போனால் இன்னும் கடினமான பரீட்சை இருக்கிறது. மணல்மேட்டில் திருச்சிலுவை ஆலயம். அடியில், புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. குகைக்குள் நின்று கடலைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினால் மூன்று படங்கள் போதாது. ஐந்து எடுங்கள், ஏழு எடுங்கள்! ட்ரைபாட் அசையக்கூடாது. துளையளவை மாற்றாதீர்கள், ஐ.எஸ்.ஓ. 100-இலேயே இருக்கட்டும், ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும். துளையளவு மாறினால் குவியும் ஆழமும் மாறிவிடும். அடுக்கும்போது கல்லும் கல்லும் பொருந்தாது.

கல் அசையாது, சரி. தோணி? தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துப் பக்கம் கட்டிக்கிடக்கும் தோணியின் பாய்மரம் ஐந்து படங்களில் ஐந்து இடத்தில் நிற்கும். சேர்த்தால் ஒரு தோணிக்கு ஐந்து பேய்! இதற்குப் பெயரே ‘கோஸ்ட்டிங்’தான். மென்பொருளில் இதை விரட்ட வசதி உண்டு. ஒரு படத்தின் தோணியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். பெரிய துறைமுகத்துக்குள் கேமராவோடு போக அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

உப்பளம் உங்கள் கேமராவை ஏமாற்றும், தெரியுமா? எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும் மீட்டர் அது. உப்புக் குவியலைக் காட்டினால் அழுக்குச் சிமெண்டாக்கித் தரும். நடுப் படத்தையே ஒரு ஸ்டாப் கூட்டி வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் போங்கள்.

முத்து விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கரையை விட முடியுமா? பழந்துறைமுகமான கொற்கையின் முத்தைப் பற்றிக் கிரேக்கக் கடலோடியின் கையேடான பெரிப்ளூசே பேசுகிறது. தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்கிறது. இன்று கொற்கையில் கடலே இல்லை, பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது! அந்த முத்தின் ஒளி எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் அடுக்கலாம் என்கிற அளவு மெல்லிய ஏடுகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது; எல்லாம் கலந்துதான் அந்த மினுமினுப்பு. எச்.டி.ஆரைச் சிப்பி எப்போதோ கண்டுபிடித்துவிட்டது!

எடிட்டிங்கில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஐந்து படங்களையும் சேர்த்தபின் டோன் மேப்பிங், அதாவது அத்தனை வெளிச்ச வித்தியாசத்தையும் சாதாரணத் திரைக்குள் அடக்கும் வேலை. அங்கே இருக்கும் பட்டன்கள் எல்லாம் உப்பு மாதிரி. கிள்ளிப் போட்டால் ருசி, அள்ளிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறதா? அது தெய்வீக ஒளி இல்லை ஐயா, ‘ஹேலோ’ என்ற கோளாறு! கருங்கல் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுத்தால் உடனே பாதியாகக் குறையுங்கள். நிழல் நிழலாகவே கொஞ்சம் இருக்கட்டும். புடைப்புச் சிற்பத்துக்கு மூக்கும் முழியும் தருவதே நிழல்தானே!

திருச்செந்தூரில் கடலோரம் நின்று கோயிலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். உள்ளே கைபேசிக்குத் தடை. 2022-இல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்குப் பக்கம் இருக்கிறது, ஆகவே சாயங்கால வெயில்தான் அதற்கு முகம் கழுவும். ஐந்து படம் எடுத்து முடித்ததும் ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். முதலில் மெல்லிய துணியால் லென்ஸைத் துடையுங்கள். இந்தக் கரையில் உப்பு காற்றிலேயே வருகிறது!