கழற்றிய எஞ்சின் எங்கே போகிறது?

“ஸ்போர்ட்ஸ் கார், பெரிய எஞ்சின், பொன்னமராவதி. படம் நிறைய வரணும்” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். படம் வந்தது. பச்சை நிற ஹெரால்டு எந்தக் கோணத்தில் நின்றாலும் படத்துக்கு அழகுதான். ஆனால் நான் அந்தக் காரை விட்டுவிட்டு, பட்டறை வாசலில் சாக்கின் மேல் கிடந்த ஓர் இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் பாதிப் பகலைக் கழித்துவிட்டேன். கட்டுரையும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது.

முதலில் கார். இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1960களில் பதிவானது. வலையபட்டிப் பக்கம் ஒரு வளவு வீட்டின் கொட்டகையில் பல வருஷம் தார்ப்பாய்க்குள் தூங்கியது. வாங்கியவரின் பேரன் பெங்களூரில் வேலை. அவருக்கு இதில் வேகம் வேண்டுமாம். ஐயா ஓட்டிய காரைப் பேரன் ஓட்ட வேண்டும், ஆனால் ஐயா ஓட்டிய வேகத்தில் இல்லை. அவ்வளவுதான் கதை.

ஹெரால்டு எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்று கேட்பவர்கள், சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து ஆட்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ஆட்டோ திரும்புகிற இடத்தில் திரும்பிவிடும் ஸ்டியரிங், இத்தாலிக்காரர் வரைந்த உடம்பு. 1959இல் இங்கிலாந்தில் பிறந்து, 1961இல் சென்னையில் தயாராகத் தொடங்கியது. இதன் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். குறை ஒன்றுதான். 948 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத்திறனுக்குள்.

எஞ்சின் மாற்ற இதைவிட வசதியான கார் கிடையாது. பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் மடிந்துகொள்ளும். முதலை வாயைப் பிளந்த மாதிரி. மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பது போல ஸ்பேனரைத் திருப்புகிறார். குனிய வேண்டாம், கீழே படுத்துப் புரள வேண்டாம்.

உள்ளே போகப்போவது ஜிப்சியின் 1298 சிசி எஞ்சின். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான வகை, 80 குதிரை. ஜிப்சியே ஒரு வகையில் எஞ்சின் மாற்றிக்கொண்ட வண்டிதான். 1985இல் 970 சிசியோடு வந்தது, 1996இல்தான் இந்த 1300க்கு மாறியது. இதை மெக்கானிக்குகள் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் குதிரைத்திறன் மட்டுமில்லை. பிளாக் அலுமினியம், அதனால் மூக்கு கனக்காது. இன்னொன்று, ஜிப்சியில் நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் பெட்டி, கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியே பின்னால் இருக்கும். அந்தப் பெட்டியைக் கழித்துவிட்டால், கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின்னச்சுக்கு ஷாஃப்ட் இழுத்துவிடலாம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே தகடு வெட்டி ஓட்டை போடும் தலைவலியும் இல்லை, இரண்டும் ஜோடியாகவே வருகின்றன.

“இறக்கி வைக்கிறது ஒரு நாள் வேலண்ணே. உக்கார வைக்கிறதுதான் ஒரு மாச வேல” என்றார் மெக்கானிக். மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் பம்ப், ஒயரிங். ஒயரிங்கில் மட்டும் இரண்டு வாரம் போயிருக்கிறது. பழைய ஹெரால்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும், இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு அது ஆகவே ஆகாது. எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். ஷாஃப்ட்டை அறுத்து நீளம் சரிசெய்து, பேலன்ஸ் பார்க்க மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஜிப்சி பக்கத்து ஃபிளாஞ்சின் ஓட்டைகள் ஹெரால்டு பக்கத்து ஓட்டைகளோடு பொருந்தவில்லை. லேத்காரர் அதற்கு நடுவில் வைக்க ஒரு வட்டத் தகடு கடைந்திருந்தார். அதைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். விளிம்பில் பிசிறு இல்லை. அச்சில் அடித்த நாணயம் மாதிரி இருந்தது. வரைபடம் எங்கே என்றேன். சுவரைக் காட்டினார். சாக்பீஸில் நான்கு கோடும் மூன்று எண்ணும்.

எஞ்சினை மாற்றினால் கார் கெட்டுப்போகும், கம்பெனி கொடுத்த எஞ்சினோடு இருப்பதுதான் கார் என்று வாதாடுகிற அன்பர்கள் உண்டு. அவர்களுக்கு வணக்கம். ஆனால் கம்பெனிகளே வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்த வேலையைத்தான். இதே ஹெரால்டின் உடம்பில் 1962இல் ஆறு சிலிண்டர் 1600 சிசி எஞ்சினை வைத்து விட்டெஸ் என்று விற்றார்கள். 1966இல் ஸ்பிட்ஃபயரில் இரண்டு லிட்டர் எஞ்சினைத் திணித்து ஜிடி6 என்றார்கள். ஏ.சி. கோப்ரா என்றால் இன்றைக்கும் கார்ப் பைத்தியங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது என்ன? இங்கிலாந்தின் சாதுவான இரு இருக்கைக் காரில் அமெரிக்க வி8 எஞ்சினை இறக்கியதுதான். நம் கான்டெஸா 1984இல் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினோடு வந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, பிறகு ஜப்பானிய 1800 சிசி எஞ்சின் கிடைத்ததும்தான் ஆளானது.

இதில் எனக்குப் பிடித்த கதை தலைகீழானது. 1976இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்று ஒரு கார் வந்தது. மூன்றரை லிட்டர் வி8, 155 குதிரை, 1977இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார். அந்த உடம்பு 1985இல் நம் பெருங்களத்தூருக்கு வந்து ஸ்டாண்டர்டு 2000 ஆனபோது, உள்ளே வி8 இல்லை. 1940களில் வடிவமைத்த, 1991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின்தான் இருந்தது. ஃபெர்குசன் டிராக்டரில் உழுத அதே குடும்பம். சரி, டிராக்டர் எஞ்சின் என்று சிரிக்கலாம். ஆனால் 1953இல் ட்ரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பெயர் வாங்க வைத்ததும் அதே குடும்பத்து 1991 சிசிதான். உழவுக்கும் போனது, பந்தயத்துக்கும் போனது, கடைசியில் ஒரு கப்பலை இழுக்கச் சொன்னார்கள். சில வருஷத்தில் அந்தக் கார் நின்றுவிட்டது. ஆகவே எந்த எஞ்சின் எந்த உடம்பில் இருக்க வேண்டும் என்பது வேதத்தில் எழுதிவைத்ததில்லை என்பது என் கட்சி.

பின்னச்சைப் பற்றி மட்டும் சொல்லிவிட வேண்டும். ஹெரால்டில் டிபரன்ஷியல் சேசிஸோடு முடுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு அரை அச்சுகள் இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் புகுந்து, பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், காரின் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வால் வீசும். 948 சிசியில் இது எப்போதாவது. 80 குதிரையில் அடிக்கடி. ஜிடி6 வாங்கிய வெள்ளைக்காரர்களே அலறிய பிறகுதான், 1968இல் கீழே கூடுதல் கை கொடுத்துச் சரிசெய்தார்கள். இங்கே பின்னாளில் வந்த ஸ்டாண்டர்டு கெஜல் காரில் ஆடும் அச்சையே தூக்கிவிட்டு அம்பாசடர் பாணியில் ஒற்றை அச்சு போட்டார்கள். பேரனிடம் இதைச் சொல்லச் சொன்னேன். “சொல்லிட்டேண்ணே. பின் அச்சும் பிரேக்கும் முடிக்காம சாவி குடுக்க மாட்டேன்” என்றார் மெக்கானிக். நல்ல மனிதர்.

சட்டம் பக்கம் போனால் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அம்சங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ. அதனால் இந்தக் கார் டிராக்குக்கு மட்டும்தானாம். டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிபாளையத்துக்கோ போகுமாம். நம்புகிறேன். ஆனால் பட்டறையிலிருந்து பார்த்தால் பிரான்மலை வரை ரோடு காலியாகக் கிடக்கிறது, கேட்டோ சாத்தாமல் இருக்கிறது.

இனி அந்தச் சாக்கு.

948 சிசி எஞ்சின் அதன் மேல் பக்கவாட்டில் கிடந்தது. கார்ப்பரேட்டர் ஒரு பக்கம், டைனமோ ஒரு பக்கம். நான் போய்ச் சேர்ந்த அரை மணியில் காயலான் கடைக்காரர் டிவிஎஸ் 50இல் வந்து, தராசை இறக்காமலே எஞ்சினைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “இதையும் போட்டுக்கலாமா?” என்றார். இரும்பு விலைக்கு. பேரனிடம் போனில் கேட்டால், “எடுத்துக்கட்டும், இடம் அடைக்குது” என்றாராம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெக்கானிக்கிடம் மண்ணெண்ணெயும் வேஸ்ட் துணியும் வாங்கி, பிளாக்கின் ஓரத்தில் அறுபது வருஷ கிரீஸைத் தேய்த்தேன். கரி போல வந்துகொண்டே இருந்தது. பிறகு மெல்ல எழுத்து தெரிந்தது, ஒரு எழுத்து, பிறகு எண்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒத்துப் பார்த்தோம். அதே எண். ஒரு குடும்பம் அறுபது வருஷம் கலைக்காமல் வைத்திருந்த ஜோடி.

இதில் பணமும் இருக்கிறது என்பது பேரனுக்குத் தெரியவில்லை. 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, ரேலி மாதிரியானவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. இந்தக் கார் அதற்கு லட்டு மாதிரி பொருந்தும். எஞ்சின் எடைக்குப் போன அன்றைக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும். இங்கிலாந்திலானால் அதே குடும்பத்தின் 1493 சிசி எஞ்சின், கடைசிக் கால ஸ்பிட்ஃபயரில் இருந்தது, தேடினால் கிடைக்கும், அதே இடத்தில் உட்காரும். இங்கே ஒரு ஹெரால்டு எஞ்சின் போனால் போனதுதான். வார்ப்படச் சாலையும் இல்லை, கம்பெனியும் இல்லை.

மாற்றுங்கள், யார் வேண்டாமென்றது? சேசிஸை அறுக்காமல் மாற்றுங்கள். புது மவுண்டிங்கைப் பழைய ஓட்டையிலேயே போல்ட்டில் நிறுத்துங்கள், வெல்டு வைக்காதீர்கள். நாளைக்கு இன்னொரு பேரன் வந்து பழையபடி ஆக்கிக்கொள்ளட்டும். ஆனால் கழற்றியதை எடைக்குப் போடாதீர்கள். இந்தச் சீமைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய் நின்று பாருங்கள். எந்த வளவில் நின்ற தூண், எந்த நிலையில் இருந்த கதவு, எந்த ஆச்சி கொண்டுவந்த எனாமல் தூக்கு என்று தெரியாமல் எல்லாம் விலைச்சீட்டு கட்டிக்கொண்டு நிற்கின்றன. இடம் அடைக்குது என்றுதான் முதலில் ஒன்றைக் கழற்றினார்கள். தேக்குத் தூணையாவது கடையில் தேடலாம். எஞ்சின் பிளாக் உலைக்குப் போய், யாரோ வீட்டு மொட்டைமாடிக் கம்பியாகத் திரும்பி வரும்.

இப்படியெல்லாம் மெக்கானிக்கிடம் பொருமிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்கிட்ட சொல்லி என்னண்ணே, ஆச்சிகிட்டச் சொல்லுங்க. கார் இன்னும் அவுக பேர்லதான் இருக்கு” என்றார்.

சாயங்காலம் போனோம். ஆச்சிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். முகப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். விஏ எண், உச்ச நீதிமன்றம் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எஞ்சினை எடைக்குக் கேட்கிறார்கள் என்றதும் மட்டும் நிமிர்ந்தார்.

“ரெண்டாங்கட்டுக் கதவ அவுக இருக்கும்போது வித்தாக. மாத்துக் கதவு போட்டுக்கலாம்னாக. இன்னும் அங்க தட்டிதான் கெடக்கு” என்றார். பிறகு சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து, வளவின் ஓரத்து அறையைத் திறந்தார். உள்ளே சீர்ப் பாத்திரம். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம், மேலே தூசி.

மறுநாள் செயின் பிளாக்கில் தூக்கி, குட்டியானையில் ஏற்றி, நான்கு பேர் மூச்சுப் பிடித்து அதை உள்ளே இறக்கினோம். ஆச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அண்டாக்களை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எண்ணெ ஒழுகுமா தம்பி? தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல்லு.”

மெக்கானிக் அடியில் சாக்கை இரண்டாக மடித்து விரித்தார்.