கூலியாக ஒரு பகல், உரிமையாக ஒரு தொகுப்பு

விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளில் களிமண் கரைசலை அச்சில் ஊற்றுபவர் ஒருவர். பிசிறு நீக்குபவர் ஒருவர். வண்ணம் தீட்டுபவர் மற்றொருவர். சூளையிலிருந்து வெளிவரும் பொம்மைக்கு விலை உண்டு. ஆனால், அதைச் செய்த கைகளின் பெயர் அதில் இராது. அக்கைகளுக்கு உரியது அன்றைய கூலி மட்டுமே.

திரையிசைக் கூடத்துக் கிடார் கலைஞரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 'கால்ஷீட்' கணக்கில் வருகிறார். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார். ஊதியம் பெற்றுச் செல்கிறார். அவர் வாசித்த இடையிசையைத் தலைமுறைகள் முணுமுணுக்கின்றன. வாசித்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

இந்நிலையில், ஒரு கிடார் கலைஞர் பாடகரும் இன்றி, படமும் இன்றி, தம் பெயரிலேயே முழுநீளக் கருவியிசைத் தொகுப்பு வெளியிடுவதைப் பொருளியல் நோக்கில் எவ்வாறு புரிந்துகொள்வது? கூலி உழைப்பாளர் உற்பத்தியாளராக மாறுகிறார். நட்டத்தின் சுமையும் அவருடையது. படைப்பின் உரிமையும் அவருடையது.

நம் மண்ணில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கிடார் கலைஞர் பிரசன்னா. அவர் பிறந்த ராணிப்பேட்டையும் பீங்கான் தொழில் அறிந்த ஊரே. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பெர்க்லீ கல்லூரியில் இசை கற்றவர். 2006-இல் வெளிவந்த அவருடைய 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்', ராக் கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் செலுத்திய அஞ்சலி. ஹென்ட்ரிக்ஸின் 1968-ஆம் ஆண்டுத் தொகுப்பான 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' என்பதன் எதிரொலியே அத்தலைப்பு. ராக் இசையின் மின்கிடாரும் தென்னிந்தியத் தாளக் கருவிகளும் அதில் இணைந்து ஒலிக்கின்றன.

இது எளிய முயற்சியன்று. கிடாரின் கழுத்தில் பதிந்துள்ள உலோகக் கட்டைகள் சுரங்களைத் தனித்தனியே பிரித்துவிடும். கர்நாடக இசையின் உயிரோ, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தில் இருக்கிறது. தந்தியை இழுத்தும் வளைத்தும்தான் கிடாரில் அதைக் கொண்டுவர வேண்டும். மின் மேண்டலினில் இதைச் சாதித்துக் காட்டிய யூ. ஸ்ரீநிவாஸ் முன்னரே ஒரு வழியைத் திறந்திருந்தார்.

சொல்லற்ற இசைக்குச் சந்தை உண்டா என்ற ஐயம் இயல்பானது. இங்கிலாந்தின் மைக் ஓல்ட்ஃபீல்ட் பெரும்பாலான கருவிகளைத் தாமே வாசித்து உருவாக்கிய 'டியூபுலர் பெல்ஸ்' 1973-இல் வெளிவந்தது. வர்ஜின் என்ற இசை நிறுவனத்தின் முதல் வெளியீடு அதுவே. அந்நிறுவனம் காலூன்றியதும் அதன் விற்பனையால்தான். அதே ஆண்டில் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' திரைப்படம் அதன் புகழைப் பன்மடங்காக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. இங்கும், ஒரு காலத்தில் இசைக்கூடங்களில் கிடார் வாசித்த இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற கருவியிசைத் தொகுப்பைத் தந்தார். ஆயினும், திரைப்படப் புகழ் என்னும் முதலீடு இல்லாத கலைஞருக்கு அத்துணிவு எளிதில் வாய்க்காது.

அதற்குத் துணைநிற்க வேண்டியது சட்டம். நிகழ்த்துகலைஞரின் நிகழ்ச்சி வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது உரிமத்தொகை பெற அவருக்கு உரிமை உண்டு என்று 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் கூறுகிறது. ஆனால், பெயர் பதிவாகாத கலைஞர் எந்த ஆவணத்தைக் காட்டி உரிமை கோருவார்? ஒவ்வொரு பாடலோடும் கருவி இசைத்தவர் பெயரை வெளியிடுவதை இசை நிறுவனங்களும் இணையவழி இசைச் சேவைகளும் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

பல மின்கிடார்களில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பகுதியில் இருப்பது பீங்கான் வகைக் காந்தம். அது கண்ணுக்குப் புலப்படாது. அது இல்லையேல் அக்கிடார்களில் மின்னொலி இல்லை. பொருள்கள் மறைந்திருந்து பயன்தரலாம்; மனிதரின் உழைப்பு அவ்வாறு மறைந்துபோக விடலாகாது.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)