ஸ்டாம்ப் சைஸ் போட்டோ சுவர்ப் படமாகுமா?

அரூரில் வாழ்ந்த என் தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிட்டது. காரணம், போட்டோ என்பது பிக்ஸல் என்னும் புள்ளிகளின் தொகுப்பு. வெக்டார் படமோ கோடுகளைக் கணக்காகச் சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது.

வரையத் தெரியாதே என்கிறீர்களா? எனக்கும் தெரியாது. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு ஆனந்த விகடனில் படம் வரைந்த ஓவியர் கோபுலு (1924-2015) சில கோடுகளிலேயே ஆளைக் கண்முன் நிறுத்துவார். அந்த வழியைப் பின்பற்றினேன்.

1. இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரைத் திறந்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்துப் போட்டோவைக் கொண்டுவாருங்கள்.

2. அதன் ஒபாசிட்டியை 50 சதவீதமாக்கி, அந்த லேயரை லாக் செய்யுங்கள். புதிய லேயர் ஒன்றைச் சேருங்கள்.

3. ‘பி’ கீயை அழுத்தினால் பெஸியர் டூல் வரும். கிளிக் செய்தால் நேர்கோடு. கிளிக் செய்தபடி இழுத்தால் வளைவு. கோட்டை முடிக்க என்டர் தட்டுங்கள்.

4. ‘எஃப்2’ அழுத்தி, கோட்டிலுள்ள புள்ளிகளை நகர்த்தித் திருத்துங்கள்.

5. போட்டோ லேயரை மறைத்து, எஸ்விஜி ஃபைலாக சேவ் செய்யுங்கள்.

முதலில் ஒவ்வொரு சுருக்கத்தையும் வரைந்தேன். “யாருப்பா இது?” என்றார் அம்மா. தலைப்பாகை, புருவம், மீசை, தாடை தவிர மற்றதையெல்லாம் டெலீட் செய்தேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கப்பாவேதான்” என்றார்.

எதை வரைவது என்பதைவிட, எதை விடுவது என்று பாருங்கள். முகம் தானாக வரும்.