எக்செல்லில் கணக்குப் போட்டு ஒரு ட்ராக் கார் வாங்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்செல் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "இத்தனை கட்டங்களை வைத்துக் கொண்டு வீட்டில் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று சொன்னால், அதற்கு டைரி போதுமே என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். எனவே டைரியில் போட்டால் தலை சுற்றும் கணக்கு ஒன்றை இந்த முறை எடுத்துக் கொள்வோம். ரேஸ் ட்ராக்கில் பொழுதுபோக்காக ஓட்டிப் பார்க்க, குறைந்த செலவில் எந்தச் சின்னக் காரை வாங்கலாம் என்பதே அந்தக் கணக்கு.

கேள்வி என்னுடையது அல்ல. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கேட்டது. "மாமா, பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒண்ணு விலைக்கு வருது. நூத்தியாறு குதிரை சக்தி. வாங்கிடட்டுமா?" என்றான். பொறு, முதலில் ஒரு வொர்க்ஷீட் போடுவோம் என்றேன். அந்த வொர்க்ஷீட்டைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமில் இதையே செய்யலாம்.

ட்ராக் டே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பந்தயம் அல்ல. கட்டணம் செலுத்தி, ஹெல்மெட் அணிந்து, அவரவர் காரை ட்ராக்கில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஓட்டிப் பார்ப்பது. பரிசும் கிடையாது, இடமும் கிடையாது. நம் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னை போகும் நெடுஞ்சாலையிலேயே வசதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ட்ராக் 1990-லிருந்து இயங்குகிறது. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஒரு சுற்று 3.717 கிலோ மீட்டர், 12 வளைவுகள். வேலூரிலிருந்து சுமார் 100 கி.மீ., ஆம்பூரிலிருந்து சுமார் 150 கி.மீ. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை பந்தயக் கார்களை உருவாக்கினார். சின்ன இன்ஜின் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

சரி, எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். முதல் படுக்கை வரிசையில் ஒவ்வொரு செல்லாகக் கார், பவர், எடை என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஒரு செல்லை முடித்ததும் டேப் கீ தட்டினால் அடுத்த செல்லுக்குப் போகும். பவரைக் குதிரை சக்தியிலும், எடையைக் கிலோவிலும் கொடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கிலோ என்றெல்லாம் டைப் செய்யக் கூடாது. செய்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாமல் எழுத்தாக எடுத்துக் கொள்ளும், கணக்கு வராது.

நான்காவது நெட்டு வரிசைக்கு "ஒரு டன்னுக்குப் பவர்" என்று தலைப்பு கொடுங்கள். அதன் கீழ் உள்ள செல்லில் சமக்குறி (=) தட்டுங்கள். பிறகு மவுஸால் பவர் உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். பெருக்கல் குறி (*) தட்டி, 1000 என டைப் செய்து, வகுத்தல் குறி (/) தட்டி, எடை உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை வந்துவிடும். இதை ஒவ்வொரு காருக்கும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. விடை வந்த செல்லைத் தேர்வு செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற கார்களுக்கும் விடை நிரம்பிவிடும்.

நாங்கள் போட்ட பட்டியல் இது. எடைகளை முழு எண்ணாக்கிச் சுமாராகக் கொடுத்துள்ளேன். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

மாருதி 800: பவர் 37, எடை 650, டன்னுக்கு 57
ஜென் (16 வால்வு): 60, 765, 78
ஆல்டோ கே10: 67, 750, 89
ஸ்விப்ட் 1.2 பெட்ரோல் (2011 மாடல்): 86, 965, 89
போலோ ஜிடி டிஎஸ்ஐ: 104, 1100, 95
எஸ்டீம்: 85, 875, 97
ஹோண்டா சிட்டி விடெக்: 106, 1000, 106

டேட்டா மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்து, நான்காவது நெட்டு வரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னால் சிட்டி முதலில் வந்து நிற்கும். அக்கா மகனுக்கு ஒரே சந்தோஷம். நான் பார்க்கச் சொன்னது வேறொன்றை. ஆல்டோவையும் ஸ்விப்ட்டையும் பாருங்கள். ஒன்று 67, இன்னொன்று 86. ஆனால் டன்னுக்குக் கணக்குப் போட்டால் இரண்டும் 89. எடை குறைந்ததால் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினுக்கு ஈடு கொடுக்கிறது. விளம்பரத்தில் பவரை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். எடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எடையின் விளையாட்டு பிரேக்கில் இன்னும் நன்றாகத் தெரியும். காரை நிதானப்படுத்தும்போது அதன் வேகத்தில் இருந்த சக்தி எல்லாம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மணிக்கு 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைத்தால், மொத்த எடையை 0.417-ஆல் பெருக்கினால் போதும், கிலோ ஜூலில் விடை வரும். ஐந்தாவது நெட்டு வரிசையில் இதைப் போடுங்கள். ஓட்டுநருக்கு 80 கிலோ கூட்ட வேண்டும். எனவே சமக்குறிக்குப் பின் அடைப்புக்குறி திறந்து, எடை செல்லைக் கிளிக் செய்து, +80 தட்டி, அடைப்புக்குறியை மூடி, பிறகு *0.417 என டைப் செய்யுங்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் எக்செல் முதலில் 80-ஐப் பெருக்கிவிட்டுப் பிறகு கூட்டும், விடை தப்பாகும்.

ஆல்டோவுக்கு 346 வரும். ஸ்விப்ட்டுக்கு 436, சிட்டிக்கு 450, போலோவுக்கு 492. ஒரு முறை பிரேக் போட்டாலே இத்தனை சூடு. ஒரு சுற்றில் இப்படிப் பல இடங்களில் அழுத்த வேண்டும், அடுத்தடுத்துச் சுற்றுகள் ஓட வேண்டும். ஆம்பூர் மேம்பாலத்தில் எப்போதாவது அழுத்துவது போல இல்லை இது. பிரேக் ஆயிலில் டாட் 3 என்பது புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு இந்த எல்லைகள் 140, 155 டிகிரி என்று இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் பஞ்சு போல உள்ளே போகும், கார் நிற்காது. எந்தக் காரை வாங்கினாலும் முதல் செலவு புது டாட் 4 ஆயிலும் நல்ல பிரேக் பேடும்தான். மியூசிக் சிஸ்டம் எல்லாம் பிறகு.

இன்னொரு வொர்க்ஷீட்டுக்குப் போவோம். கீழே உள்ள டேபில் கிளிக் செய்தால் அது திறக்கும். இதில் ஒரு முறை ட்ராக்குக்குப் போய் வர ஆகும் செலவை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். நுழைவுக் கட்டணம், பள்ளிகொண்டா, வாலாஜா டோல்கேட், பெட்ரோல், டயர் தேய்மானம், பிரேக் பேட், ஆயில், சாப்பாடு. பெட்ரோலை மட்டும் உதாரணத்துக்குச் சொல்கிறேன். 25 சுற்று ஓட்டினால் 93 கி.மீ. ட்ராக்கில் லிட்டருக்கு 6 கி.மீ. கிடைத்தால் பதினைந்தரை லிட்டர். போக வர 300 கி.மீ.க்கு லிட்டருக்கு 15 வீதம் 20 லிட்டர். ஆக முப்பத்தைந்தரை லிட்டர். டயருக்கு, நான்கு டயர் விலையை எத்தனை ட்ராக் டே தாங்குமோ அதனால் வகுத்துப் போடுங்கள். வேலூர் டயர் கடையில் ஒவ்வொரு காரின் அளவையும் சொல்லி விலை கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். ஆல்டோவின் 13 அங்குல டயருக்கும் போலோவின் 15 அங்குல டயருக்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரியும். நேரில் விசாரித்த விலைதான் இந்த ஷீட்டுக்கு உயிர்.

அதன் கீழே ஆண்டுக்கு எத்தனை முறை, ஆண்டு இன்சூரன்ஸ், சர்வீஸ், மொத்தம் என்று செல்கள் அமையுங்கள். இப்போது ஒரு வேடிக்கை. ஆண்டு நிலைச் செலவு 18,000 ரூபாய், ஒரு முறை போய் வர 14,000 ரூபாய், உங்களால் ஒதுக்க முடிந்தது 60,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். எத்தனை முறை போகலாம்? டேட்டா மெனுவில் வாட் இப் அனாலிசிஸ் என்பதில் கோல் சீக் இருக்கும் (கால்க்கில் டூல்ஸ் மெனுவில்). முதல் கட்டத்தில் மொத்தம் உள்ள செல், இரண்டாவதில் 60000, மூன்றாவதில் "எத்தனை முறை" செல் கொடுத்து ஓகே கிளிக் செய்யுங்கள். 3 என்று விடை தரும். பெரிய காருக்கு இதே கணக்கைப் போட்டபோது விடை இரண்டுக்கும் கீழே இறங்கியது. ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் ஓட்டி யாரும் கற்றுக் கொள்வதில்லை.

இதுவரை போட்டதெல்லாம் செலவுக் கணக்கு. முக்கியமான நெட்டு வரிசை இனிமேல்தான். முதல் ஷீட்டுக்குத் திரும்பி, "மொத்தமாகப் போனால் தாங்குமா?" என்று ஒரு தலைப்பு கொடுங்கள். ஒவ்வொரு காருக்கும் ஆம் அல்லது இல்லை. காரணம் இதுதான். உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு பாலிசி செல்லாது என்று அச்சிட்டிருக்கும். ட்ராக்கில் சுவரில் மோதினால் பணம் வரும் என்ற நம்பிக்கையில் போகக் கூடாது. வங்கிக் கடனில் வாங்கிய காரைக் கொண்டு போய் நொறுக்கிவிட்டு, இன்னும் மூன்று வருடம் தவணை கட்டுவதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அம்மாவை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இருப்பதும் அதே கார் என்றால், அதற்கு எதிரே "இல்லை" என்று டைப் செய்யுங்கள். பிறகு டேட்டா மெனுவில் பில்டர் கொடுத்து "ஆம்" என்பதை மட்டும் தேர்வு செய்யுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். எங்கள் ஷீட்டில் போலோ காணாமல் போனது. ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் எனக்கு வருத்தமில்லை. கியர் மாற்றக் கற்றுக் கொள்ளத்தானே ட்ராக்குக்குப் போகிறோம்?

பக்கத்திலேயே ஏர்பேக், ஏபிஎஸ் என்று இரண்டு நெட்டு வரிசைகள் போடுங்கள். லேசான கார் நல்லது என்று சொன்ன நானே இதையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஸ்விப்ட், போலோ மூன்றுக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார். இரண்டு ஏர்பேக் போட்ட போலோவுக்கு நான்கு. எனவே ஒரே விலையில் இரண்டு கார் வந்தால் ஏர்பேக் உள்ளதை எடுங்கள், பவர் குறைவாக இருந்தாலும்.

சிட்டி விடெக்? 2000-லிருந்து 2003 வரை வந்த கார் அது. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள்தான். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கு 5,000 ரூபாய் கட்டணம். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். எஸ்டீம், ஜென் கதையும் இதுதான். ரோல் கேஜ் போடலாம், வேறு இன்ஜின் மாற்றலாம் என்று மெக்கானிக் ஆசை காட்டுவார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. நம் கார் ஆம்பூரிலிருந்து தானே ஓடிப் போய்த் தானே திரும்ப வேண்டியது. லாரியில் ஏற்றிப் போக வசதி இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

கடைசியில் பில்டரில் நின்றவை ஆல்டோ கே10-ம் பழைய ஸ்விப்ட்டும். பணம் கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் உள்ள ஸ்விப்ட் என்பது என் கருத்து. அக்கா மகன் கையில் இருந்த தொகைக்கு ஓட்டுநர் ஏர்பேக் உள்ள கே10 சரியாக வந்தது.

வாங்கும் முன் கம்ப்யூட்டரில் இன்னொரு வேலை பாக்கி. மத்திய அரசின் பரிவாகன் தளத்துக்குப் போய், மொபைல் நம்பர் கொடுத்து லாக் இன் செய்து, காரின் பதிவு எண்ணை டைப் செய்யுங்கள். பதிவான தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி உள்ளதா என்பதெல்லாம் தெரியும். டிஎன் 83 என்று வாணியம்பாடி எண் இருந்தாலும் வண்டி எத்தனை கை மாறியது என்பதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ட்ராக்குக்குப் போட்டுச் செல்ல ஷூ வாங்க நம் ஊர்க்காரர்கள் எங்கும் அலைய வேண்டாம். ஆம்பூர் கடைகளிலேயே மெல்லிய அடிப்பாகம் உள்ள லெதர் ஷூ கிடைக்கும். தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்றே தெரியாது. ஷூ விலையையும் செலவு ஷீட்டில் சேர்த்துவிட்டு, பைலை சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். ட்ராக்கிலிருந்து திரும்பிய அன்றே உண்மையான செலவை அடுத்த நெட்டு வரிசையில் டைப் செய்தால், இரண்டாவது முறை போகும்போது கோல் சீக் தரும் விடை இன்னும் துல்லியமாக இருக்கும்.