மூணாறு காற்றும் மூக்குத் தழும்பும்

குமுளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘கொச்சியில் மூக்கையோ வயிற்றையோ திருத்திக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களை ஓய்வுக்காக மலைக்கு அனுப்புகிறார்களாமே, மலைக்காற்றில் புண் சீக்கிரம் ஆறுமா?’ நியாயமான கேள்விதான். மருத்துவச் சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். அறுவை சிகிச்சைக்கு ஒரு வரி, ஓய்வுக்கு ஒரு வரி, அருவிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் பத்துப் படம். இடமும் தோதாக அமைந்துவிட்டது. மேற்கே கொச்சி, வாளையாறு தாண்டினால் கோவை. இரண்டு ஊரிலும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பெயர்பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் ஆயுர்வேதம். கொல்லங்கோட்டில் பழைய அரண்மனை ஒன்றே ஆயுர்வேத விடுதியாகிவிட்டது. இடுக்கிப் பக்கம் ஏலக்காய் வாசமும் குளிரும். விற்கத் தெரிந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மருத்துவர்களின் திறமையைப் பற்றியோ மலையின் அழகைப் பற்றியோ எனக்குப் புகார் எதுவும் இல்லை. விமான டிக்கெட்டில் அச்சிட்ட தேதியையே புண் ஆறி முடியும் தேதியாக எடுத்துக்கொள்கிறார்களே, தகராறு அங்கேதான்.

காற்றை முதலில் முடித்துவிடலாம். மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொச்சியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. புண் ஆறுவதற்கோ ஆக்சிஜன் வேண்டும். ஆக, விளம்பரம் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழாக வருகிறது. இதை வைத்து யாரும் பயப்படவும் வேண்டாம். ஆரோக்கியமான ஒருவரின் ஹீமோகுளோபின் அந்த உயரத்திலும் கிட்டத்தட்ட நிரம்பியே ஓடும். ஊர் திரும்பும் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். அதோடு பார்த்தால் மூணாறு பள்ளம். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிப்பவரின் தோலுக்கு நிகோட்டின் செய்யும் கெடுதலுக்கு முன்னால் மலையேற்றம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் மருத்துவர்கள் நான்கு வாரம் முன்பே புகையை விடச் சொல்கிறார்கள். மலையில் கவனிக்க வேண்டியது வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று தொப்பியில்லாமல் தேயிலைச் சரிவில் நடப்பவருக்கு வெயில் உறைக்காது, ஆனால் புதுத் தழும்புக்கு உறைக்கும். கறுத்துப்போன தழும்பு பழைய நிறத்துக்குத் திரும்பப் பல மாதம் பிடிக்கும்.

இனி தழும்புக்குள் போவோம். வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தோலை வெட்டிய சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து ஃபைப்ரின் என்ற வலை விரிகிறது. அதுதான் சென்ட்ரிங். அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் வாரித் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன, சித்தாள் வேலை. பிறகு மேஸ்திரி வருகிறார், ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல். வந்தவர் அவசரத்துக்கு மெல்லிய கம்பியைப் போடுகிறார்: மூன்றாம் வகைக் கொலாஜன். தடித்த கம்பியான முதல் வகைக் கொலாஜன் பின்னால்தான் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும். கம்பியைப் பரப்பினால் மட்டும் போதுமா? குறுக்குக் கம்பியும் நெடுக்குக் கம்பியும் சேரும் இடமெல்லாம் கட்டுக்கம்பி போட்டு முறுக்க வேண்டும். உடம்பில் அந்த வேலை லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்கு. அதற்குச் செம்பு தேவை. கம்பி ஒவ்வொன்றும் மூன்று இழை முறுக்கு. அந்த முறுக்கு உடல் சூட்டில் பிரியாமல் நிற்க வேண்டுமென்றால் இழையில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜன் அணுவைச் செருக வேண்டும். அந்த அணு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மூச்சில் இழுத்த ஆக்சிஜனிலிருந்து நேராக. மூலக்கூறின் இரண்டு அணுக்களில் ஒன்று கொலாஜனுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. செருகும் நொதி சோர்ந்துபோகாமல் இருக்க வைட்டமின் சி வேண்டும். இவ்வளவு நுணுக்கமான வேலையை ‘இயற்கை எழில்’ துரிதப்படுத்தும் என்று எழுதுகிறவர்களுக்குத் தைரியம் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டடத்தில் கம்பி, கான்கிரீட் எல்லாம் முடிந்த பிறகுதான் பூச்சு. உடம்பு பூச்சை முதலில் முடித்துவிடுகிறது. ஒழுங்காகத் தைத்த வெட்டின்மேல் இரண்டு நாளுக்குள் மேல்தோல் செல்கள் பரவி மூடிவிடும். முகத்துத் தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரிக்கிறார்கள். கண்ணாடியில் பார்ப்பவருக்குச் சுவர் வழவழவென்று இருக்கிறது. உள்ளே கம்பி கட்டும் வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும். கான்கிரீட் ஏழு நாளில் அதன் வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டும். 28 நாளில் கிட்டத்தட்ட முழுசும். தோலின் கணக்கே வேறு. 1965-ல் ஸ்டான்லி லெவன்சனும் குழுவினரும் எலித்தோலை வெட்டி, ஆறவிட்டு, இழுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பழைய வலுவில் சுமார் 3 சதவீதம். மூன்று வாரத்தில் 20. மூன்று மாதத்தில் 80. அதற்குமேல் ஏறவில்லை. மனிதத் தோலுக்கும் பாடப்புத்தகங்கள் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் சொல்கின்றன.

தளத்தோடு ஒப்பிட்டது போதும், இதற்குமேல் அது ஒத்துவராது. போட்ட தளத்தை யாரும் தினமும் கொத்தி எடுத்துத் திரும்பப் போடுவதில்லை. உடம்பு போடுகிறது. கொலாஜனைக் கரைக்கும் நொதியும் கட்டும் செல்லும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தழும்பு ஒரு வருடத்துக்கு மேலும் உருமாறிக்கொண்டே இருக்கும், அப்புறமும் வேலை முழுசாக நிற்காது. 1740-களில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பல்களில் வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி கண்ட மாலுமிகளில் ஒருவருக்கு, 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்டு ஐம்பது வருடத்துக்கு முன்பே ஆறிய காயம் திரும்பவும் வாய்பிளந்ததாக அந்தப் பயணத்தைப் பற்றிய நூல் சொல்கிறது. கரைப்பது நடந்துகொண்டே இருந்திருக்கிறது; கட்டுவது மட்டும் நின்றுபோயிருக்கிறது. தழும்பு எவ்வளவு காலத்து வேலை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது வெளிநாட்டுக்காரரின் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். முகம், இமை, மூக்கு அறுவைக்குப் பிறகு 7 முதல் 10 நாள் விமானம் ஏறாதீர்கள் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். நெஞ்சு, வயிறு என்றால் 10 நாள். உள்ளே அடைபட்ட காற்று விமானத்தில் விரியும், நீண்ட நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் என்ற பயத்தில் சொன்ன கெடு அது. புண் ஆறி முடிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயண ஏஜெண்டுகளின் கையில் அதுவே ‘பத்து நாளில் குணம்’ என்று ஆகிவிடுகிறது. பத்தாம் நாள் தோலின் வலு பத்து சதவீதம்கூட இருக்காது. நம் இணையவழி மருத்துவ விசா 60 நாள். அதை முழுசாகப் பயன்படுத்தினாலும் மூக்கு நுனியின் வீக்கம் வடிந்திருக்காது, அதற்கு ஒரு வருடம் ஆகலாம். கீலாய்டு என்கிற புடைத்த தழும்பு மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அது வெள்ளைத் தோலைவிடக் கறுத்த தோலில் அதிகம். லண்டனிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் விடுமுறையில் வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போகும் நம்மவர்கள் பாஸ்போர்ட்டில்தான் வெளிநாட்டுக்காரர்கள், தோலில் இல்லை.

கிருமிகளும் நிதானமாக வேலை செய்பவைதான். அழகு சிகிச்சைக்காக டொமினிகன் குடியரசுக்குப் போய்வந்த அமெரிக்கப் பெண்களிடம் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்று 2003–04-லும் 2013–14-லும் கூட்டமாகத் தென்பட்டது. காசநோய்க் கிருமியின் உறவு அது. தையல் பிரித்து ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து முடிச்சு முடிச்சாகக் கிளம்பும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது, வழக்கமான பரிசோதனையில் சிக்காது. 2023-ல் டெக்சாஸ் எல்லையோரம் மெக்சிகோவின் மாட்டமோரோஸ் நகரில் முதுகில் மயக்க ஊசி போட்டு அழகு சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பூஞ்சை மூளைக்காய்ச்சல் வந்தது. பாலத்தைத் தாண்டி வீடு திரும்பிய பிறகு, வெறும் தலைவலியாகத் தொடங்கியது; பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். நம் பங்கும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட 2010-ம் ஆண்டு ‘லான்செட் இன்ஃபெக்ஷஸ் டிசீசஸ்’ கட்டுரையில், என்டிஎம்-1 மரபணு தாங்கிய பாக்டீரியா கண்ட பிரிட்டிஷ் நோயாளிகளில் சிலர் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ சிகிச்சை பெற்றவர்கள், அதில் அழகு சிகிச்சையும் சேர்த்தி என்று இருந்தது. மரபணுவின் பெயரில் ‘நியூ டெல்லி’ இருந்ததால் இங்கே கோபம் கிளம்பியது. பெயருக்காக லான்செட் ஆசிரியரே பின்னர் வருத்தம் தெரிவித்தார். பெயர்ச் சண்டையில் விஷயம் அடிபட்டுப்போனது. மருத்துவமனைக் கிருமி இல்லாத நாடு கிடையாது. ஆனால் கிருமி ஒரு நாட்டிலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய மருத்துவர் இன்னொரு நாட்டிலும் இருந்தால் வாரங்கள் வீணாகும்.

‘பிளாஸ்டிக் சர்ஜரியே நம்முடையது, பழங்கால வைத்தியர் சுசுருதர் செய்தது’ என்று இந்த இடத்தில் ஒருவர் எழுந்திருப்பார். சரி, ஒரு பத்தி. பாலக்காட்டுக் கோட்டையை அறிந்தவர்களுக்குத் திப்புவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1792 போரில் அவர் படையிடம் சிக்கி மூக்கிழந்த காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கு வைத்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் செய்தி வந்தது. அதைப் பார்த்து அறுவை மருத்துவர் ஜோசஃப் கார்ப்யூ 1814-ல் அதே முறையில் இங்கிலாந்தில் செய்தார். பெருமை பேசுபவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்தச் செய்தியில் எனக்குப் பிடித்தது வேறு: முதல் ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை, பத்தாம் நாள் மூக்குத் துளைகளில் துணித் திரி, நெற்றியோடு விட்டுவைத்த தோல் பாலத்தை அறுப்பது சுமார் இருபத்தைந்தாம் நாள். புது இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் வந்து சேரும்வரை பழைய ரத்த ஓட்டத்தைத் துண்டிக்கக் கூடாது என்பது அந்த வைத்தியருக்குத் தெரிந்திருந்தது. இருபத்தைந்து நாள் நோயாளியைக் கண்முன் வைத்திருந்தார்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. உள்ளூர் நோயாளியும் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறாரே என்பார்கள். போகிறார், ஆனால் திரும்பி வரும் தூரத்தில் இருக்கிறார். பாலக்காட்டுச் சித்தூர்க்காரருக்குத் தையல் ஓரம் சிவந்தால் மறுநாள் காலை பஸ் பிடித்துக் கோவையில் காட்டலாம். இதே காரணத்தால் பாலக்காட்டில் தங்குவதையும் மூணாறில் தங்குவதையும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன்: இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது, விமான நிலையம் கிடையாது, மழைக்காலத்தில் அடிமாலி–நேரியமங்கலம் சாலையில் மண் சரிந்தால் கொச்சி எவ்வளவு தூரம் என்பதை யாரும் சொல்ல முடியாது. வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்தது. சிவப்பையும் வீக்கத்தையும் பார்க்கலாம். சீழ் கோர்த்திருக்கிறதா என்பதை விரலால் அமுக்கித்தான் அறிய முடியும், தொட்டால் சுடுகிறதா என்பதைக் கேமரா சொல்லாது. பெரும்பாலோர் நன்றாகத்தானே ஊர் திரும்புகிறார்கள் என்பது மூன்றாவது, இருப்பதில் வலுவானதும் அதுதான். உண்மை. தோல் தன் வேலையை யாரும் பார்க்காதபோதும் செய்கிறது. ஆனால் பதினைந்தாம் நாள் எண்ணெய்க் குளியலும் தேய்ப்பும் என்று பயணத் தொகுப்பில் சேர்ப்பவர்கள், பாதி கட்டிய கம்பியைப் பிடித்து இழுக்கிறார்கள். தைத்த இடத்தின் பக்கத்திலேயே போகாத வைத்தியர்தான் விவரம் தெரிந்தவர்.

செலவு மிச்சம் என்ற கணக்கும் பத்தாம் நாளோடு முடிகிற கணக்கு. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை, வெளிநாட்டில் அழகு சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவருக்குச் சீழ் பிடித்தாலோ ரத்தம் கட்டினாலோ அவசர சிகிச்சை தரும். கோணிப்போன மூக்கை நிமிர்த்தித் தருவது வழக்கமில்லை. நிமிர்த்த வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யவே ஒரு வருடம் ஆகும். வேண்டும் என்றால் இரண்டாவது விசா, இரண்டாவது டிக்கெட், வேலையிடத்தில் இரண்டாவது விடுப்பு. விலைப்பட்டியலில் இந்த வரிகளுக்கு இடம் விட்ட தொகுப்பு எதையும் இதுவரை பார்க்கவில்லை.