திரையிலே திருந்தியவர்!

1961-இல் வெளிவந்தது ‘ஜட்ஜ்மெண்ட் அட் நியூரம்பர்க்’ படம். இட்லருக்கு ஏவல் புரிந்த நீதிபதிகளைக் கூண்டிலேற்றிய கதை. 1947 வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 16 பேர், படத்திலோ நால்வர்! கதைக்காகச் சுருக்கினர், அதனைக் குறை கூறோம். ஆனால், படத்து நீதிபதி யானிங், கூண்டிலே நின்று குற்றத்தை ஒப்புகிறாரே, உண்மை வழக்கிலே நடந்தது என்ன? அத்தனை பேரும் ‘குற்றமற்றோம்’ என்றே வாதாடினர்! யூத வணிகர் கட்சன்பர்கரை 1942-இல் கொலைக்களம் அனுப்பிய நீதிபதி ரோத்தாக், ஆயுள் தண்டனை பெற்றும் 1956-இல் வெளியே வந்தார்!

மாபாதகன் மனம் மாறினான் என்று காட்டினால், பார்ப்போர் மனம் ஆறும். ஆறிய மனம், ‘ஏன் விடுவித்தீர்?’ என்று கேட்குமா? தோழர்களே! படம் பார்ப்போம், பாராட்டுவோம். வெளியே வந்ததும் வரலாற்றையும் புரட்டுவோம். திரை மன்னிக்கலாம், வரலாறு மறக்கலாகாது!